மிஸ்

வியாசர்பாடி கேரம் கிளப்பில்
அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்.
பாக்கெட் வாயில் காய் நின்றுவிடும்.
தேசப்பன் கை நீட்டுவான்:
"மிஸ்ஸு. ஸ்ட்ரைக்கர குடு."

தெருவுக்கு வந்தால்
செங்குன்றம் பஸ் மிஸ்ஸு.
ஒரே ரிங்கில் அறுந்த உன் மிஸ்டு காலுக்கு
"கீழ நிக்கறேன், வா"
என்று பொருள், நமக்கு மட்டும்.

இப்போது குவைத்திலிருந்து
மிஸ் பண்றேன் என்கிறாய்.

தம்பியின் டிக்‌ஷனரியைப் புரட்டினேன்.
இங்கிலீஷ்காரனுக்கும் ஆதியில்
குறி தவறுவதுதானாம்.
ஏங்குவதெல்லாம் ரொம்பப் பின்னால்.

அப்படியென்றால்
நீ குறி வைத்தாயா, எப்போதாவது?

பவுடர் கையோடே டைப் அடித்தேன்:
ரெட்டு இன்னும் போர்டுலதான் கீது.
ஆனா
இப்ப ஆட்டம் என்னுது.