பெட்டி இன்னும் வரவில்லை

அபுதாபியில் நாற்பதே நிமிடம்.
செருப்பைக் கையில் பிடித்து ஓடினேன்.
நான் ஏறிவிட்டேன், பெட்டி ஏறவில்லை.

பீளமேட்டில் விடிகாலை.
கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று மட்டும்
பெல்ட்டில் மூன்றாவது சுற்று வருகிறது:
குழந்தைவேலு, சென்னிமலை.
அவரையும் காணோம்.

"உள்ள என்னங்க இருக்குது?"
சாம்பிள் பனியன், பன்னிரண்டு.
மதிப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
நிறம் ஒரு நூல் பிசகியதென்று
பையர் திருப்பித் தந்தவை.

திருப்பூரில் முதலாளி கேட்கும்போதெல்லாம்
"பெட்டி இன்னும் வர்லீங்க"
என்கிறேன்.
பொய்யில்லை.
நாற்பது மெஷினும் அந்த நிறத்திலேயே
தைத்துக்கொண்டிருக்கின்றன.

மூன்றாம் நாள் போன்:
"அக்கா, பெட்டி வந்துருச்சுங்.
அவிநாசி ரோட்டுல நிக்கறனுங்,
எங்க எறக்கறது?"

மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்தினேன்:
"நாளைக்கு வாங்க தம்பி."