ஆறும் வரை

புந்தா அரேனாஸில் காற்றுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது.
பானெட்டைத் தூக்கியதும் அறைந்து சாத்தியது.
இரண்டாம் முறை
துணி உலர்த்தும் கயிற்றால் இழுத்துக் கட்டினாள் நெல்டா.

மூன்று வாரமாக வண்டி
தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.
நண்டு ஆலைக்குப் போகும்போது ஊசி நடுவில் நிற்கும்,
திரும்பும்போது சிவப்பைத் தொடும்.
நிறுத்திய இடமெல்லாம் பச்சையில் ஒரு கையெழுத்து.

பட்டறைக்காரன் சொன்ன தொகைக்கு
அவள் பதினோரு நாள் நண்டு உடைக்க வேண்டும்.
ரேடியேட்டரை மட்டும் வாங்கி
மடியில் நிறுத்திப் பேருந்தில் வந்தாள்.
"ஓவியமா?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.
"ஆமாம்" என்றாள்.

கசிவு எங்கே என்று பார்க்கக் காலையில் ஓட்டியதில்
இஞ்சின் இன்னும் கொதிக்கிறது.
ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்க வேண்டும்;
போன மாதம் பொறுக்காததற்கு
மணிக்கட்டில் காசளவு தழும்பு.
மாத்தே உறிஞ்சியபடி காத்திருந்தாள்,
காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைப் பார்ப்பதுபோல்
அவ்வப்போது இரும்பைத் தொட்டுக்கொண்டு.

வேலிக்கு அப்பாலிருந்து மிர்கோ:
"தள்ளு, நான் செய்கிறேன்."
"டார்ச்சைப் பிடி, போதும்."
பிடித்தான்.
அவள் கை இருக்கும் இடத்தில் அல்ல,
அவன் கண் போகும் இடத்தில்.

அடித்திருகு வலமா இடமா என்று யோசிப்பதற்குள்
பழைய பச்சை பாதி தொட்டியில், பாதி சட்டைக் கைக்குள்.
ஹோஸ் விடவில்லை,
ஒட்டிப்போன உறவு மாதிரி.
இழுத்தால் கிழியும் என்று தோன்றவே
மெதுவாகத் திருகினாள். விட்டது.
மின்விசிறி ஒயரின் கிளிப் உடைந்தது.
மிர்கோ ஒன்றும் சொல்லவில்லை,
சொல்லாதது நன்றாகக் கேட்டது.

பழையதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.
தகடுகளுக்கு இடையில்
புல், ஒரு கடற்பறவை இறகின் நரம்பு,
ரியோ கயேகோஸ் போன கோடையின் பூச்சிகள்.
அந்தப் பயணத்தில் அவள் ஓட்டவில்லை;
ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள்.
சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

புதியது உட்கார மறுத்துச் சாய்ந்தது.
கழற்றி, மாட்டி, கழற்றி,
ரப்பர் கால்கள் இரண்டும் பழையதிலேயே இருப்பதைக்
கடைசியில் கண்டுபிடித்தாள்.
அப்புறம் எல்லாம் சரியாகப் பொருந்தியது.
கிளிப்புகளை முறுக்கினாள், மூடியைத் திறந்து
புதுப் பச்சையை ஊற்றினாள்.
குடித்தது. இன்னும் குடித்தது.
என்ன தாகம், என்று சிரித்தாள்.

சிஸ்பா தண்ணீர் நக்கும் சத்தம்
வண்டிக்கு அடியிலிருந்து வந்தது.

புதுசுக்கும் அடியில் ஒரு திருகு உண்டு.
அதை அவள் தொடவே இல்லை.
இனிக்கும் விஷம் அது, நாய்க்குத் தெரியுமா?
திருகை விட்டுவிட்டு நாயின் மேல் பாய்ந்தாள்.
வாயைப் பிளந்தாள்.
அன்று முதன்முறையாக
டார்ச் சரியான இடத்தில் விழுந்தது.
நாக்கு இளஞ்சிவப்பு. பாதங்கள் மட்டும் பச்சை.
குட்டையில் நின்றிருக்கிறது,
நக்கியது மழை வாளியின் ஒழுக்கை.
மாத்தேக் கெட்டிலின் வெந்நீரை விளாவி
நான்கு கால்களையும் கழுவினாள்,
ஒவ்வொரு விரலிடுக்காக.
அதற்குப் பிறகுதான் கை நடுங்கியது.

மிர்கோ வீட்டுக்கு ஓடி ஒரு டப்பாவோடு வந்தான்.
"உன்னுடையது சிவப்பு. கலக்கக் கூடாது."
"யார் சொன்னது?"
"டப்பா."

ஆகவே திங்கள் மாலை, ஷிப்ட் முடிந்து,
மறுபடி பேருந்து, மறுபடி பச்சை.
அடித்திருகை மூன்று முறை தடவிப் பார்த்தாள்.
மூடி திறந்தபடி இஞ்சினை ஓடவிட்டு
ஹீட்டரை முழுக்கத் திருப்பினாள்,
காற்று வெளியேறட்டும் என்று.
குமிழிகள் வந்தன, ஏப்பம்போல்,
ஒவ்வொன்றுக்கும் மட்டம் இறங்க, ஊற்றினாள்.

உள்ளே போய் உட்கார்ந்தபோதுதான் கவனித்தாள்,
காலில் வெப்பம் படுகிறது.
குளிர்காலம் முழுக்க இரண்டு சாக்ஸ் போட்டு ஓட்டினாள்,
ஹீட்டர் செத்தது தனி நோய்,
அதற்குத் தனிச் செலவு என்று எண்ணி.

ஊசி நடுவில் நின்றது.
போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.
கதவைத் திறந்து நாயை ஏற்றிக்கொண்டு
செருப்பைக் கழற்றினாள்.