அடித்தல் திருத்தல்

வால்திவியாவில் ஜூன் மாத மழை
நிற்பதில்லை, இடம் மாறி உட்காருகிறது.
நகராட்சிப் பண்பாட்டுப் பிரிவின் பின்னறையில்
எனக்கு ஒரு ஹீட்டர், ஒரு திரை,
மூன்று மாத ஒப்பந்தம்.

சிறுகதைப் போட்டிக்கு இந்த ஆண்டு புது விதி:
கதையோடு, கதை பிறந்த கதையும் வர வேண்டும்.
எந்த விசை எப்போது தட்டப்பட்டது,
எது அழிந்தது, எத்தனை நொடி மௌனம்,
எல்லாம் ஒரே கோப்பில்.
மனிதர்தான் எழுதினார் என்று
அதைப் பார்த்து நான் சொல்ல வேண்டும்.

இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்.
எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால்
சொற்கள் முண்டியடிக்கின்றன,
ஆற்றங்கரைச் சந்தையில் மீன்தலைக்கு வந்து நிற்கும்
கடற்சிங்கங்கள் போல.

ஒரு பல்மருத்துவர் 'காதல்' என்று எழுதிவிட்டு
நாற்பது நிமிடம் காணாமல் போகிறார்.
(நோயாளி வந்திருக்கலாம். அல்லது காதல்.)
ஒருத்தி ஒவ்வொரு கமாவையும்
வைத்து, எடுத்து, மறுபடி வைக்கிறாள்,
குழம்புக்கு உப்புப் பார்க்கிறவள் மாதிரி.
ஃபாபியான் என்கிற பையனின் கோப்பில்
சரியாகப் பதினோரு சொல்லுக்கு ஒரு பிழை;
யோசித்த இடைவெளிகள்கூட ஒரே நீளம்.
தடுமாறுவதற்கும் இப்போது மென்பொருள் இருக்கிறது,
மாதச் சந்தாவில்.
அவனை விலக்கினேன். அவன் அம்மா தொலைபேசியில் கத்தினாள்.
அந்தக் கத்தலில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

நூற்று எழுபத்து நான்கு:
ஓதிலியா கார்காமோ, நியெப்லா படகுத்துறையில்
சீட்டுக் கொடுப்பவர்.
சின்னக் கதை. ஒரு படகோட்டி, மூடுபனி,
கரையில் மறந்துபோன ஒரு பால் கேன்.
அவ்வளவுதான். நல்ல கதை.
ஆனால் கோப்பில், இரண்டாம் பத்திக்குப் பிறகு,
இரவு இரண்டே காலுக்கு
ஒரு வரி வருகிறது:
அவன் கதவைத் தட்டியது எனக்குக் கேட்டது.
அழிகிறது, எழுத்தெழுத்தாக, பின்னாலிருந்து.
மறுபடி வருகிறது. அழிகிறது.
ஒன்பது முறை.
ஒன்பதாம் முறை அந்த வரி
இருபது நிமிடம் அப்படியே நின்றது.
நான் வேகத்தைக் குறைத்திருந்தேன்.
பிறகு பால் கேன் வந்தது.

மென்பொருள் சொன்னது: மனிதர், தொண்ணூற்றேழு சதவீதம்.
விதி பதினான்கு சொன்னது:
சான்றான பகுதியை அறிக்கையில் இணைக்கவும்,
நடுவர் ஐவர் பார்வைக்கு.

தொலைபேசியில் விளக்கினேன்.
அழித்ததைக் காட்டினால்தான்
எழுதியது உங்களுடையதாகும் என்றேன்.
சொல்லும்போதே நாக் கூசியது.
மறுமுனையில் படகின் ஊதல்.
"நான் எழுதினது பால் கேன் கதை," என்றார்.
"மத்தது நான் எழுதாதது.
எழுதாததைக் காட்டியா என் பேரை வாங்கணும்?"

மறுநாள் நேரில் வந்தார், சொட்டும் பிளாஸ்டிக் கோட்டோடு.
விலகல் படிவம்.
காரணம் என்ற கட்டத்தில் ஏதோ எழுதினார், அடித்தார்,
தாள் கிழியும்வரை அடித்தார்.
"நீங்க பார்த்தீங்களா?"
எட்டு மடங்கு வேகம், ஒன்றும் தெரியவில்லை
என்றேன்.
என் பொய்யை அவர் சரிபார்த்தார்,
எந்தக் கருவியும் இல்லாமல்,
ஏறக்குறைய பதினைந்து நொடி.
பிறகு கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

விலகியவர் கோப்பைத் தொண்ணூறு நாள் காக்க வேண்டும்.
அன்று மாலையே அழித்தேன்.
உறுதியா என்று கேட்டது. உறுதி.
உறுதியா என்று மறுபடி கேட்டது.
இதுவும் எங்கோ பதிவாகியிருக்கும்:
என் பெயர், மணி ஆறு ஐம்பத்திரண்டு,
இரண்டாம் கேள்விக்கு நான் தயங்கிய நேரம்.

பரிசு கமாக்காரிக்குப் போனது. தகுந்ததுதான்.

ஒப்பந்தம் முடிந்த வாரம்
கொர்ரால் போகப் படகுத்துறைக்கு வந்தேன்.
அச்சு இயந்திரம் பழுது; கையால் எழுதினார் சீட்டை.
தேதியில் ஒன்பது போட்டார், அடித்தார்,
பக்கத்தில் பத்து என்று போட்டு
நிமிராமல் நீட்டினார்.
சட்டைப்பையில் வைக்கும்போது மை ஈரமாக இருந்தது.

"அடுத்தவர்," என்றார்.