முப்பதும் முப்பதும்

பத்து வருடத்தில் நூற்றுப் பதினாறு கட்டுரைகள்.
அறுவை, மயக்கவியல், இரண்டு துறையும் சேர்த்து.
எண்ணுவது எளிது,
கல்மண்டபம் மார்க்கெட்டில் நண்டைக் கூறு கட்டுவதுபோல.
எந்த நண்டு பௌர்ணமி நண்டு,
ஓட்டை உடைத்தால் உள்ளே வெறும் தண்ணீர்,
அதைப் பார்க்கத்தான் சனிக்கிழமை மதியங்களில்
ஹெப்சிபாவும் நானும் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

யார் எழுதியது, எந்த யூனிட், எங்களுக்குத் தெரியக்கூடாது.
நூலகர் கஸ்தூரி கறுப்பு மார்க்கரால்
பெயர்களை அடித்துத்தான் கொடுக்கிறார்.
நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்தார்களா? ஒரு மதிப்பெண்.
எப்படிக் குலுக்கினார்கள் என்று எழுதியிருக்கிறதா? இன்னொன்று.
பாதியில் காணாமல் போனவர்களைக்
கணக்கில் வைத்தார்களா, மறந்தார்களா?
மொத்தம் ஐந்து. பெரும்பாலும் இரண்டு.

எல்லாவற்றிலும் முப்பது, முப்பது.
குடலிறக்கத்தில் முப்பதுக்கு முப்பது.
பிரசவத்தில் முப்பதுக்கு முப்பது.
ஏன் முப்பது என்று எந்தக் கட்டுரையும் சொல்வதில்லை.
மின்ட் தெரு பைண்டிங் கடைக்காரர் சொன்ன தேதிக்குள்
அவ்வளவு பேருக்குத்தான் குடல் இறங்கியது.

ஒன்றே ஒன்றுக்கு இருவரும் ஐந்து கொடுத்தோம்.
"இரண்டு மருந்துக்கும் வித்தியாசம் இல்லை" என்று
யாரோ மெனக்கெட்டு நாலு பக்கம் எழுதியிருக்கிறார்.
எட்டு வருடமாக அதை ஒருவரும் மேற்கோள் காட்டவில்லை.
ஹெப்சிபா அதைத் தனியாக எடுத்துத்
தன் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு எழுபத்தொன்று.

மார்க்கர் என்ன செய்யும்?
என் காற்புள்ளிகளை எனக்குத் தெரியாதா.
'நோயாளிகள் தற்செயல் முறையில்
இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்.'

பழுப்பு உறைகள், அறுபது. நானே ஒட்டினேன்.
அந்த டிசம்பரில் ஓல்ட் ஜெயில் ரோட்டுத் தண்ணீர்
ஸ்டோர் ரூமின் கீழ்த்தட்டு வரை வந்தது.
காலையில் உறைகள் ஊறிய அப்பளம்.
ஊதா மையில் அ எது, ஆ எது?
மறுபடி ஒட்ட நேரமில்லை.
ஒற்றைப்படைக் கட்டிலுக்குப் புது மருந்து,
இரட்டைப்படைக்குப் பழையது,
பதினேழாவது ஆளிலிருந்து கடைசி ஆள் வரை.

ஒற்றைப்படைக் கட்டில்கள் ஜன்னலோரம்.
அங்கே துறைமுகத்துக் காற்று அடிக்கும்.
இரட்டைப்படை, கழிப்பறைப் பக்கம்.
நான் அளந்தது: யார் எத்தனை முறை வாந்தி எடுத்தார்கள்.

பதினாலாம் கட்டிலில்
வலை பின்னும் எஸ்தர், காசிமேடு, பித்தப்பை.
இரவு முழுக்க நீலக் கிண்ணத்தை விடவில்லை.
"அந்தாண்ட படுக்க வையேன் டாக்டரு,
கொஞ்சம் காத்து வரும்" என்றார்.
'ஐந்து முறை' என்று எழுதினேன்.

பி மதிப்பு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று.
கட்டுரை வந்தது. வார்டில் கேக் வெட்டினோம்.
இன்றும் மாதாமாதம் அந்த மருந்துக்குத்தான்
இண்டெண்ட் போகிறது,
பழையதைவிட ஏழு மடங்கு விலை.

பீச் ஸ்டேஷன் பக்கம் வாங்கிவந்த அத்தோவைக் கிளறியபடி
"குலுக்கினேன்னு சொல்றாரே பாவம்,
ஒண்ணு குடுப்போம்" என்கிறாள் ஹெப்சிபா.
நான் பூஜ்யம் என்கிறேன்.
"ஏன்? எழுதியிருக்கே."
பூஜ்யம்.

இருவரும் ஒத்துப்போகாவிட்டால்
மூன்றாமவருக்குப் போகும். அதற்கு ஒரு படிவம்.
'வேறுபாட்டுக்கான காரணம்' என்று
அரை அங்குல இடம் விட்டிருக்கிறார்கள்.
காகிதத்தை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கினால்
கறுப்புக்குப் பின்னால் என் இனிஷியல் தெரிகிறது.
கீழே வைத்துவிட்டு எழுதினேன்:
ஜன்னல்.

எண்ணெய் விரலைச் செய்தித்தாளில் துடைத்துக்கொண்டு
எட்டிப் பார்த்தாள்.
"எந்த ஜன்னல்?"