விலாசம்

இரவு இரண்டு மணிக்கு
புதுவயல் ஆலையில்
எழுபத்திரண்டு மூட்டைக்குச் சீட்டடித்தது மெஷின்.
பேரில்லை.
முன்னால் நிற்கவேண்டிய அரு.வயி.சாத.
எங்கோ போய்,
வெறும் 'அரிசி ஆலை' மட்டும் மிச்சம்.
ஷெல் இதற்கெல்லாம் கோபிக்காது.
இல்லாத ஒன்றைக் கேட்டால்
இல்லாமையை வைத்துவிட்டு
அடுத்த வரிக்குப் போய்விடும்.

கொல்லத்து வியாபாரிதான் கண்டுபிடித்தார்:
யார் வீட்டு அரிசி இது?

காரைக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்தேன்.
கீபோர்டு முழுக்கத் தவிடு.
முந்தின நாள் நான் வைத்த வரி
புள்ளியில் தொடங்கும் அந்த ஒளிவு ஃபைலில்
வைத்தபடியே இருந்தது:
எக்ஸ்போர்ட், பெயர், சமக்குறி, மதிப்பு.
சமக்குறிக்கு இருபுறமும் இடம் விடவில்லை,
விட்டால் பெயரையே கட்டளையென்று
ஊரெல்லாம் தேடும்.
டாலர் போட்டுக் கூப்பிட்டால்
இப்போதும் வருகிறது.

எனக்கு வருகிறது.
இரவு வேலைக்காரன் கிரான்
அந்த வாசலால் வருவதேயில்லை.
அவன் மடியில் நாலு சாமான்:
வீடு, ஷெல், உள்நுழைந்த பேர்,
குட்டையாய் ஒரு பாத்.

இதற்குள் மகன் வயிரவன்
பக்கத்து ஜன்னலில் தன் எழுத்தையும் கோர்த்துவிட்டான்.
அரு.வயி.சாத.வயி.
'வந்திருச்சு பாருங்க!'
அப்பா திரையைத் தட்டினேன்.
பழையதே நின்றது.

'உங்களுக்குக் கிடைச்சது பிரதி.
கீழே மாத்தினது மேலே ஏறாது.'

ஆலைக்கு வெளியே ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தது.
சாத்தப்பன் தலை நிமிரவில்லை,
தப்புச் சீட்டுகளை ரப்பர் போட்டுக் கட்டினார்.
'திரும்ப அடிக்கச் சொல்லும்மா.'
எந்த விலாசத்தோடு என்று கேட்டேன்.
எச்சில் தொட்டு இன்னொரு தரம் எண்ணினார்.
'இருக்கிறதோட.'

கிரான் படிக்கும் தாளின் உச்சியில்
ஒரே வரி எழுதினேன்.
அங்கே எக்ஸ்போர்ட் தேவையில்லை.
வயிரவன் எழுந்து
எடைமேடைப் பக்கம் போனான்.

ரசீதில் கையெழுத்து கேட்டார்கள்.
கு. பொற்கொடி.
குப்பம்மாளின் கு.
பள்ளிக்கூடச் சேர்க்கையன்று
ஹெட்மாஸ்டர் இரண்டு தரம் கேட்டும்
அம்மா மாற்றாமல் சொன்ன எழுத்து.
ஆதார்வரை வந்துவிட்டது.

அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது.
பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது.