கம்பளியிலிருந்து கொஞ்சம் வெயில்

பதினெட்டாம் தொட்டி மீன்களை
எக்ஸ்ரே மேசையில் கிடத்தினோம்.
ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம்.
மயக்க மருந்தில் வாய் பிளந்து,
ஏதோ கேட்க வந்து
மறந்துபோனவை மாதிரி.

ரங்ஃப்ரிட் திரையைப் பார்த்து எண்ணுகிறாள்,
உதடு அசையாமல்.
ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு.
எண்ணிக்கை சரி.
வால்பக்கம் மூன்று முள்ளெலும்புகள் மட்டும்
கடைசிப் பேருந்தில் ஏறியவர்கள் போல
ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு.
"பாஸ்பரஸ்" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
காபி ஆறிப்போயிருந்தது.

இவற்றின் முப்பாட்டன்கள்
பொடிமீனும் கூனிறாலும் தின்றவர்கள்.
முள்ளோடு விழுங்கினார்கள்.
முள்ளுக்கு வேண்டியது முள்ளிலேயே இருந்தது.
யாரும் நிறுத்துப் போடவில்லை.

இவற்றுக்கு நாங்கள் தருவது சோயா,
பட்டாணி, கோதுமைப் பசை,
கடுகுக்குத் தம்பி முறையான ஒரு செடியின் எண்ணெய்.
கெட்ட எண்ணமில்லை.
ஒரு மீனை வளர்க்க
எத்தனை மீனைத்தான் அரைப்பது?

ஆனால் விதை சரியான கருமி.
பாஸ்பரஸை முடிச்சுப் போட்டு
மடியில் செருகி வைத்திருக்கிறது.
கையில் அகப்பட்ட துத்தநாகத்தையும்
அதே முடிச்சில் சேர்த்துக் கட்டிக்கொள்ளும்.
தன் முளைக்கென்று சேர்த்தது அது.
நார்வேயின் குளிர்நீரில் ஒரு மீன்
வாயைத் திறந்துகொண்டு நிற்கும் என்று
எந்தச் சோயாச் செடி கண்டது?
அந்த முடிச்சை அவிழ்க்க
மீனின் குடலுக்கு விரல் இல்லை.

விரலை நாங்கள் தெளிக்கிறோம்.
ஒரு நொதி.
உருண்டை வார்க்கும் சூட்டில் செத்துவிடும்,
ஆறியபிறகு, மேலாக, பனி மாதிரி.

பிறகு அந்தச் சின்னப் பை.
ஒரு டன் தீவனத்துக்கு ஒரு பை.
அயோடின், ஃபோலேட், நியாசின், பி ஆறு,
கண்ணில் வெண்படலம் விழாதிருக்கத் துத்தநாகம்,
செலினியம்: கிள்ளினால் மருந்து, அள்ளினால் நஞ்சு.
டி மூன்று வருவது செம்மறியிடமிருந்து.
எங்கோ கத்தரித்த கம்பளியைக் கழுவி,
அந்தப் பிசுக்கை வடித்து,
விளக்கொளி காட்டிச் செய்தது.
ஆட்டைப் பார்த்திராத மீன்
ஆட்டின் முதுகில் விழுந்த வெயிலைத் தின்கிறது
என்று சொல்லத் தோன்றும்.
அதுவும் சரியில்லை.
வெயில் அல்ல, தொழிற்சாலை விளக்கு.

இங்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்
இருபத்து மூன்று நாளாகிறது.
போன செவ்வாய்க்கிழமை
கிடங்கு வாசலில் பனிக்கட்டி வழுக்கி
மணிக்கட்டில் விரிசல்.
டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு
"உங்களுக்கு டி குறைச்சல்" என்றார்.
"வாரம் இரண்டு முறை சால்மன் சாப்பிடுங்கள்."

சிரித்துவிட்டேன்.
அவர் கோபித்துக்கொண்டார்.
எப்படி விளக்குவது?
அந்த மீனில் எத்தனை மைக்ரோகிராம் என்று
எனக்குத் தெரியும்,
கரண்டி என் கையில்தானே இருந்தது.
கேட்டிருந்தால்
அங்கேயே இரண்டு கிள்ளு வாயில் போட்டிருப்பேன்.

இன்று மாலை பதினெட்டுக்கான கலவையை
மாற்றி எழுதினேன், ஒற்றைக் கையால்.
தராசு மூச்சுக்கே நடுங்குகிறது.
ரங்ஃப்ரிட் கதவைச் சாத்தினாள்.
மயக்கம் தெளிந்த மீன்களைத்
திரும்பத் தண்ணீரில் விட்டிருந்தோம்.
நெருங்கிய அந்த மூன்றும்
இனி விலகப்போவதில்லை.
இந்தக் கணக்கெல்லாம்
வசந்தத்தில் வரும் குஞ்சுகளுக்கு.
அவற்றுக்கு முதல் வாயிலிருந்து.

தீவனப் படகிலிருந்து யார்டார் அழைத்தான்.
"புதுசைத் தின்கிறதா?"
"தின்கிறது."
"துப்பாமலா?"
தொட்டியருகே போய் நின்றேன்.
ஒன்று மேலே வந்து கவ்வியது,
யோசித்தது,
பக்கவாட்டில் திரும்பியது.
"இரு," என்றேன். "பார்த்துச் சொல்கிறேன்."