சில்லறைத் தூரம்

புரட்டாசியில் சேர்ந்து போய்ப் பணம் கட்டியதால்
அடுத்தடுத்த எண்கள்.
எண்பத்து நான்கு நான்.
எண்பத்தைந்து ஜெபக்கனி.
ஐப்பசியில் சீட்டுக் கணக்கில் இரண்டாயிரத்து முந்நூறு
எங்கேயோ விழுந்துவிட,
கார்த்திகை முழுக்கப் பேச்சில்லை.
எண்களுக்கு அது தெரியாது.
நெஞ்சில் குத்திய ஊக்குகளோடு
பாபநாசம் பேருந்து நிலையத்தில்
பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

மார்கழி. காலை நாலரை.
பத்தொன்பது டிகிரி என்கிறது போன்.
சண்டிகரில் இருக்கும் என் தம்பி கேட்டால்
வயிறு வலிக்கச் சிரிப்பான்.
சிரிக்கட்டும்.
ஆற்றிலிருந்து ஏறி வரும் ஈரத்தை
எந்த போனும் அளக்காது.
பல் கிட்டுகிறது. விரல்கள் என்னுடையவை இல்லை.

அவள் பையிலிருந்து ஒரு ஜோடி காலுறை எடுத்தாள்.
மகனின் பள்ளிக்கூடக் காலுறை,
கட்டைவிரல் பக்கம் ஓட்டை.
ஒன்றைத் தன் வலது கையில் மாட்டினாள்.
மற்றதை, என்னைப் பார்க்காமல்,
கூட்டமான பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கடத்துவதுபோல
என் பக்கமாக நீட்டினாள்.
இடது கையில் மாட்டிக்கொண்டேன்.
நன்றி சொல்லவில்லை.
சொன்னால் அது பேச்சாகிவிடும்.

விசில்.

விக்கிரமசிங்கபுரத்தில் மில் சுவரோரம் ஒரு நாய்
எழுந்து, யோசித்து, மறுபடி படுத்தது.
அம்பாசமுத்திரம் தாண்டி ஆற்றுப்பாலத்தில்
எங்கள் இருவர் வாயிலிருந்தும் புகை.
முன்னால் போய்க் கலந்து
எங்கள் முகத்திலேயே வந்து மோதியது.
இதில் யார் மூச்சு எவ்வளவு என்று
எந்தச் சீட்டு நோட்டில் எழுதுவது
என்று யோசித்தேன்,
உடனே கால் தடுக்கியது.

கல்லிடைக்குறிச்சிக்கு அப்பால் வெட்டவெளி.
பிசானப் பயிர்மேல் பனி.
கன்னடியன் கால்வாய் கறுப்பாகக் கூடவே வருகிறது.
பொதிகை முதுகுக்குப் பின்னால்,
திரும்பிப் பார்த்தால் நேரம் போகும்.
எதிரே கொண்டல்,
ஈரத் துண்டால் அறைவதுபோல.
அவள் ஓரடி முன்னால் நகர்ந்தாள்.
காற்று குறைந்தது.
வீரவநல்லூர் வரை அவள் முதுகை மட்டும் பார்த்து ஓடினேன்.
ஊர் தாண்டியதும் நான் முன்னால் போனேன்.
யாரும் யாரையும் கேட்கவில்லை.

சேரன்மகாதேவியில் வெந்நீரும் கடலைமிட்டாயும்.
கொடுத்த பையன் கேட்டான்:
‘ஏக்கா, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ஜோடிதானா?’
அவள் உதடு ஒரு பக்கம் இழுத்தது.
சிரிப்பென்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.
குளிராகவும் இருக்கலாம்.

பத்தமடை என்றால் எல்லாருக்கும் பாய் ஞாபகம் வரும்.
எனக்குப் படுக்கிற ஞாபகம் மட்டும் வந்தது.
மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.
கெண்டைக்கால் அந்தக் கல்லைவிட இறுகியிருந்தது.
வியர்வை ஆற, குளிர் இப்போது
உள்ளேயிருந்து.
‘நீ போ’ என்று கையைக் காட்டினேன், காலுறைக் கையை.

அவள் போனாள்.
நிஜமாகவே போனாள். பத்து, இருபது, முப்பது தப்படி.
பனியில் சட்டையின் நீலமும் கரைந்தபிறகு
திரும்பி வந்தாள்.
மராத்தானில் யாரும் பின்பக்கம் ஓடுவதில்லை.
எதிரே வந்த தாத்தா ஒருவர் திட்டிக்கொண்டே ஒதுங்கினார்.
குனிந்து என் காலை இரண்டு கையாலும் பிசைந்தாள்,
சப்பாத்தி மாவிடம் காட்டும் கோபத்தோடு.

அதற்குப் பிறகு ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை,
இடையில் ஏதோ ஒன்று.
முன்னீர்பள்ளத்தில் வெயில் வந்தது,
நேற்றைய தோசைபோலச் சூடில்லாமல்.
நாற்பத்திரண்டு என்று எழுதிய பலகையைத் தாண்டியதும்
அவள் நின்றாள்.
ஐம்பத்திரண்டு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்:

‘நாப்பத்திரெண்டுதான் முடிஞ்சுட்டுல்லா.
இன்னும் என்னட்டி நூத்தித் தொண்ணூத்தஞ்சு மீட்டரு?’

‘சில்லறை’ என்றேன்.

சாலையோரத்தில் குந்தி
சிரித்துச் சிரித்து இருமினாள்.

இரண்டாயிரத்து முந்நூறு இன்னும் கிடைக்கவில்லை.
நான்தான் தொலைத்தேன் என்று இப்போதும் சொல்கிறாள்,
பஸ்ஸில், கல்யாண வீட்டில், சத்தமாக.
இடதுகைக் காலுறை என்னிடம்தான் இருக்கிறது.
துவைத்து வைத்திருக்கிறேன்.
அதை மட்டும் அவள் கேட்பதில்லை.